அமினியாசி கண்டெடுத்த தங்கை

"வித்யாக்கா, சுடுதண்ணி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கெட்டிலைத் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பான் அமினியாசி. இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், கேட்பது மரியாதைக்கு. என் இழுப்பறையில் பிஸ்கட் டின் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் தெரியும், ஆனால் அதற்கு இந்த மரியாதை கிடையாது. நாலைந்து கிராக்கரை எடுத்து வெண்ணெய் தடவி, டீயில் முக்கி, நின்றபடியே தின்று முடித்து, சட்டையில் விழுந்த தூளை என் தரையில் தட்டிவிட்டு, "இன்னிக்கு உக்காந்துட வேண்டியதுதான்க்கா" என்பான். எழுத உட்காரப் போகிறானாம். சொன்னபடி உட்காரவும் செய்வான். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், மாமரத்தடியில், காவலாளிகள் மயக்கம் தரும் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கும் பாயில்.

மழை வந்தால் பாய் சைக்கிள் கொட்டகைக்கு நகரும். எங்கள் தீவுத் தலைநகர் சூவாவில் மழை வராத நாள் குறைவு. ஆகவே அவனுடைய ஆராய்ச்சியில் பாதி சைக்கிள் கொட்டகையில்தான் நடந்திருக்கிறது.

நான் வரலாற்றுத் துறையின் காரியதரிசி. பேராசிரியர்கள் வருவார்கள், போவார்கள். நானும் கெட்டிலும் அமினியாசியும்தான் நிரந்தரம். இரண்டு வருஷத்தில் முடிக்க வேண்டிய எம்.ஏ.யை அவன் பத்து வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி தலைமையாசிரியை, ஒருவன் அமைச்சரகத்தில் பெரிய ஆள், இன்னொருவன் படிப்பை விட்டுவிட்டு டாக்சி வாங்கி வீடும் கட்டிவிட்டான். அவனுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் இப்போது விரிவுரையாளர்களாகி, அதே பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, எந்த அத்தியாயம்?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு வெட்கமாக இருக்குமே தவிர அவனுக்கு இருக்காது.

ஆள் பார்க்க அசல் அறிஞன். பெரிய உடம்பு, இடுப்பில் வேட்டி மாதிரி சாம்பல் நிறச் சுலு, இஸ்திரி போட்ட பூச்சட்டை, காதில் பென்சில். அந்தப் பென்சிலைச் சீவி நான் பார்த்ததில்லை. தோளில் ஏதோ மாநாட்டில் கொடுத்த பை. அந்த மாநாட்டில் அவன் கட்டுரை வாசிக்கவில்லை, நாற்காலி எடுத்துப் போட்டான். மனைவி தோரிகா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "படிக்கிறார்" என்று அவள் சொல்கிற தொனியைக் கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும்.

எழுத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டால் போதும். "கொஞ்சம் ஊறட்டும்க்கா" என்பான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கேட்டால், "வரலாறு எங்க ஓடிடப் போவுது? நடந்தது நடந்ததுதானே, அப்படியே கெடக்கும்" என்பான். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நானும் பத்து வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வுப் பொருள் என்னவோ நல்ல பொருள்தான். அவனுடைய தீவில், அந்தக் காலத்தில், கொப்பரை விற்ற காசில் ஊரே சேர்ந்து பாய்மரப் படகு வாங்கும் வழக்கம் இருந்தது. அந்தப் படகுகளின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதப் போவதாகச் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகுதான் வேடிக்கை. எங்கள் நாட்டில் ஒரு பெரியவரிடம் வெறுங்கையோடு போய்க் கதை கேட்க முடியாது. யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை முன்னால் வைத்து, முறைப்படி இரண்டு வார்த்தை பேசி, அவர் கை தட்டி ஏற்றுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கலாம். ஏற்றுக்கொண்ட வேரை இடிக்க வேண்டாமா? இடித்ததைக் கரைக்க வேண்டாமா? கரைத்ததைக் குடிக்காமல் கொட்டவா முடியும்? ஒரு சிரட்டை, கைதட்டல், ஒரு கேள்வி. இன்னொரு சிரட்டை, கைதட்டல், இன்னொரு கேள்வி. அதற்குள் ஒருவர் கித்தாரோடு வந்துவிடுவார்.

அந்த ஒலிப்பதிவுகளையெல்லாம் கேட்டு டைப் செய்தவள் நான். தலையெழுத்து. "படகை யார் வாங்கினது தாத்தா?" என்று அவன் கேட்பது விழும். கைதட்டல். "முதல்ல குடி" என்று பெரியவர் சொல்வது விழும். கைதட்டல். அதற்கப்புறம் மணிக்கணக்காகப் பாட்டு. ஒன்றில் கொர்ரென்று சத்தம் மட்டும் வந்தது. அந்த இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். "நீண்ட மௌனம், ஆழ்ந்த துயரம்னு போடுங்கக்கா" என்றான். குறட்டை யாருடையது என்று கேட்டதும் பிஸ்கட் டின்னைத் திறந்தான்.

ஒன்றே ஒன்று மட்டும் உருப்படியான பதிவு. அதைச் சொல்லாமல் இவனைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவனுக்குத் தூரத்துத் தாய்மாமன் ஒருவர், பெயர் சகியூசா. ஊரில் எல்லோருக்கும் மூத்தவர். அவருடைய அண்ணன் பெனியாசிதான் ஊர்ப் படகான 'லோலோமா'வை ஓட்டியவர். அந்தப் படகு ஒரு நாள் பவளப்பாறையில் மோதி, ஏறியிருந்த அத்தனை பேரோடும் முழுகிப்போனது. குடித்துவிட்டு ஓட்டினான், அதனால்தான் என்று ஊர் முடிவு கட்டியது. இன்றைக்கும் அந்த ஊரில் ஒரு பையன் தட்டைக் கீழே போட்டு உடைத்தால், "வந்துட்டான்டா பெனியாசி" என்பார்கள். செத்தும் ஏச்சு நிற்கவில்லை.

பதிவில் கிழவர் சொல்கிறார்: "அண்ணன் ஒரு சொட்டுக் குடிக்கல. காத்து சரியில்ல, நாளைக்குப் போலாம்னான். ஊர்த் தலைவர் வீட்டுல கல்யாணம், சாமான் வந்தாகணும், இன்னிக்கே கெளம்புன்னுட்டாங்க. தலைவர் வார்த்தைக்கு மறுவார்த்தை உண்டா? அண்ணன் கையைத் தட்டிட்டு எழுந்து போனான். நான் சின்னப் பய, கதவோரம் உக்காந்திருந்தேன், என்னை யாரும் ஒரு ஆளா நெனைக்கல. பார்த்தவங்கள்ல இப்ப நான் ஒருத்தன்தான் பாக்கி. நீ பெரிய படிப்பு படிக்கிற. புஸ்தகத்துல ஏத்திடு. அச்சுல வந்துட்டா அப்புறம் அவனை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அதை டைப் செய்த அன்று மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டு அவனைத் தேடிப் போனேன். "இதை முதல்ல எழுதுடா" என்றேன். "எழுதணும்க்கா" என்றான். எழுதவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தத் தலைவர் வீடு இன்றைக்கும் தலைவர் வீடுதான். எழுதினால் ஊருக்குள் கால் வைக்க முடியாது. எழுத மாட்டேன் என்று சொன்னால் மாமா முகத்தில் விழிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் அவன் கண்டுபிடித்த சௌகரியமான இடம்தான் எம்.ஏ. படித்துக்கொண்டே இருப்பது.

மூன்று வழிகாட்டிகள் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒருவர் நியூசிலாந்துக்குத் திரும்பினார், ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மதபோதகராகிவிட்டார். ஒவ்வொருவருக்கும் பிரிவு விருந்து வைத்துக் கண்ணீர்விட்டுப் பாடினான். பாட்டு மட்டும் குறையே சொல்ல முடியாது, நல்ல குரல்.

நாலாவதாக வந்தாள் வாசிதி. அதே தீவுக் குடும்பம், ஆனால் சூவாவில் வளர்ந்தவள், வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கியவள். மெலிந்த உடம்பு, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, பச்சை மைப் பேனா. என் பிஸ்கட்டைத் தொடமாட்டாள். வந்த வாரமே துறையில் ஒரு புது விதி வந்தது: காலம் கடந்த மாணவர்கள் நவம்பர் கடைசிக்குள் முழு வரைவையும் வழிகாட்டி முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டி, அவர் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் பதிவுகளும் பெட்டியில் பூட்டப்பட்டு நிலவறைக்குப் போகும். "திங்கட்கிழமை கையில எழுதினதோட வரச் சொல்லு வித்யா" என்றாள் வாசிதி.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. பிஸ்கட் அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. ஊருக்குப் போயிருக்கிறான் என்றார்கள். அடடா, கடைசியில் புத்தி வந்துவிட்டது, ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். ஆராய்ச்சிக்குத்தான் போயிருந்தான். அவன் வாழ்நாளில் முழுசாக முடித்த ஒரே ஆராய்ச்சி அது.

திரும்பி வந்தவன் நேரே என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, பெரிய தப்பு நடக்க இருந்துது. டாக்டர் வாசிதி எனக்குத் தங்கச்சி" என்றான்.

"யாருடா சொன்னா?"

"எங்கம்மா மிலிகாவும் அவங்கம்மா அசேனகாவும் அக்கா தங்கச்சி முறை. சகியூசா மாமாகிட்டயே கேட்டுட்டு வந்துட்டேன். இனிமே நான் அவங்க ரூமுக்குள்ள போகக் கூடாது. பேசக் கூடாது. கையால ஒரு பேப்பர்கூடக் குடுக்கக் கூடாது. நீங்கதான் பார்த்துக்கணும்."

அம்மாக்கள் அக்கா தங்கை என்றால் பிள்ளைகள் அண்ணன் தங்கை. கவுண்டர் வீட்டில் பிறந்த எனக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒருத்தர் தலைமுடியை ஒருத்தர் பிடித்துச் சண்டை போடுவோம். அவனுடைய தீவில் அப்படியில்லை. அண்ணன் தங்கை முறை ஆகிவிட்டால் நேருக்கு நேர் பேச்சே கிடையாது. தங்கை வந்தால் அண்ணன் எழுந்து போய்விட வேண்டும். அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையைத்தான் இந்தப் பாவி எடுத்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டான்.

வாசிதியிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. "எனக்குத் தெரியாதே வித்யா. அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. அப்பா இருந்திருந்தா, அந்த முறையில தப்புப் பண்ணினா என்னைக் கொன்னே போட்டிருப்பார்" என்றாள். இத்தனை படித்தவள், அந்த ஒரு விஷயத்தில் குழந்தை மாதிரி பயந்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து என் பிழைப்பு நாறிப் போயிற்று. அவள் அறைக்குள் இருப்பாள். இவன் வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நடுவில் நான், வாசற்படியில்.

"இரண்டாம் அத்தியாயம் எங்கன்னு கேளு வித்யா."

"இரண்டாம் அத்தியாயம் எங்கயாம்."

"ஊறிக்கிட்டு இருக்குன்னு சொல்லுங்கக்கா."

"ஊறிக்கிட்டு இருக்காம் மேடம்."

"ஊறி ஊறிப் பூஞ்சை பிடிச்சிருக்கும்னு சொல்லு."

"அதை நானே போன வருஷம் சொல்லிட்டேன் மேடம்."

"மரியாதைக்குரியவங்க மனசு நோகாம, நவம்பர் கொஞ்சம் சிரமம்னு சொல்லுங்கக்கா."

"உனக்கு எந்த மாசம்டா சிரமமில்லாத மாசம்?" என்று நான் சொந்தமாகவே ஒன்றைச் சேர்த்தேன்.

துறைத் தலைவர் டக்ளஸ் ஆஸ்திரேலியர். நல்ல மனுஷன், ஆனால் பண்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே பின்வாங்கிவிடுவார். முன்னொரு தடவை ஒரு விருந்தில் யாரோ ஒரு தலைவரின் தலைக்கு மேலே கையை நீட்டித் தட்டை எடுத்துவிட்டு, அதற்காக ஒரு மாசம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவர். அமினியாசி போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றதும், "அடடா, இதுல நான் தலையிடவே கூடாது. உனக்கு ஒரு வருஷம் கூடப் போட்டுத் தரச் சொல்லிக் குழுவுக்கு எழுதறேன்" என்றுவிட்டார். அன்று சாயங்காலம் மாமரத்தடியில் பாட்டு கொஞ்சம் பலமாகவே கேட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாம்! அந்த ஒரு வருஷத்தைக் கிழவர் யாரிடம் போய் வாங்குவார்? மறுநாள் காலை நான் டைப் செய்த சகியூசாவின் பேச்சைக் கொண்டுபோய் வாசிதியின் மேசையில் வைத்தேன். "இதை மட்டும் படிங்க மேடம்" என்றேன். படித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தாள்.

"இவர் இன்னும் இருக்காரா?"

"இருக்கார்."

"இவர்தானே எங்கம்மா முறையைச் சொன்னவர்?"

"அப்படித்தான் உங்க அண்ணன் சொல்றான்."

வெள்ளிக்கிழமை சந்தையில் நல்ல வேர்க்கட்டாகப் பார்த்து வாங்கி, காகிதத்தில் சுற்றி, தீவுக்குப் போகும் கப்பலில் ஏறிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் நல்ல கூட்டம். மழை இல்லாததால் மாமரத்தடி. காவலாளிகள், இரண்டு விரிவுரையாளர்கள், அலுவலகச் சாவியோடு வீட்டுக்குப் புறப்பட்ட நான், நடுவில் மூங்கிலைத் தின்னும் யானை மாதிரி நிம்மதியாக அமினியாசி. வாசிதி படியிறங்கி வருவதைப் பார்த்ததும் அவன் வழக்கம்போல் சுலுவைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். அவள் நேரே வந்து பாயில் அவனுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"உக்காருடா, என் அத்தை மகனே" என்றாள்.

கரைத்துக்கொண்டிருந்த காவலாளியின் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

"மேடம்..." என்றான் அமினியாசி. அவன் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், நான் போய்ச் சொல்ல வேண்டும் என்பதுபோல. நான் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"என்ன மேடம்? நேத்து உன் மாமா சகியூசாவைப் பார்த்துட்டு வர்றேன்" என்றாள் வாசிதி, எல்லோருக்கும் கேட்கும்படி. "வேர் வெச்சுட்டு, ஒரு சிரட்டைகூடக் குடிக்கறதுக்கு முன்னாடி கேட்டேன். எங்கம்மாவும் உங்கம்மாவும் அக்கா தங்கச்சியான்னு. கிழவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். 'எவன் சொன்னான்? ஒருத்திக்கு ஒருத்தி அத்தை மக, மாமன் மக. பொழுது விடிஞ்சு பொழுது சாஞ்சா ஒருத்தியை ஒருத்தி வாரிக்கிட்டே கெடப்பாளுங்க'ங்கறார். நீங்கதான் அக்கா தங்கச்சின்னு சொன்னீங்களாமேன்னேன். 'அவன் எட்டாவது சிரட்டையில என்னமோ காதுல கேட்டான்மா. நான் பாடிக்கிட்டு இருந்தேன். பாட்டுக்குத் தலையை ஆட்டினேன்'ங்கறார்."

மாமரத்தில் இருந்த காக்காய், குருவியெல்லாம் பறந்து போகும்படி ஒரு சிரிப்பு. ஒரு காவலாளி பாயிலேயே உருண்டான்.

அம்மாக்கள் அத்தை மகளும் மாமன் மகளும் ஆனால், பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. இது எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அவன் தீவில் முறைக்காரி என்றால் அதற்கு மேலும் ஒன்று உண்டு. என்ன வேண்டுமானாலும் கேலி பேசலாம், எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். கோபப்பட்டாலோ இல்லை என்றாலோ மானம் போயிற்று. ஒதுங்கி நிற்கும் தங்கையைத் தேடிப் போனவனுக்கு வாயாடி முறைப்பெண் கிடைத்தாள்!

"பாட்டுக்குத் தலையாட்டினதை ஆதாரம்னு எழுதற வரலாற்றுக்காரனைப் பாருங்க" என்று தொடங்கினாள் வாசிதி. மூன்று மாசமாக வாசற்படி வழியாக வந்த வார்த்தை எல்லாம் சேர்ந்து கொட்டியது. "பத்து வருஷமா வயித்துல வெச்சுக்கிட்டுச் சுத்தறியே மாமா, திமிங்கிலம்கூட இதுக்குள்ள பத்துப் பெத்துப் பேரன் பேத்தி எடுத்திருக்கும்! தோரிகா பாவம், புருஷன்னு நெனைச்சுக் கட்டினா, கடைசியில ஸ்கூல் பிள்ளைக்குச் சோறு கட்டிக் குடுக்கறா!"

அமினியாசி சிரித்தான். சிரித்துத்தான் ஆக வேண்டும். காது வரை சிவக்கச் சிரித்தான்.

"நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வர்றே. எது எழுதியிருக்கியோ அதோட வர்றே. உனக்கு ஒரு வருஷமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, டக்ளஸ்கிட்டச் சொல்லிட்டேன். இந்த மாசக் கடைசிதான். வரல, உன் வீட்டுக்கே வந்து, முறைக்காரி வந்திருக்கேன்னு உன் பொண்டாட்டி கண்ணு முன்னாடி பாயை விரிச்சுப் படுத்துடுவேன்!"

"வர்றேன்" என்றான்.

"எங்கே, இன்னொரு தடவை சொல்லு. வித்யாக்கா மூலமா வேணாம்."

"வர்றேன் தாயி, வர்றேன்!"

வந்தான். பிஸ்கட்டைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு உறையை எடுத்தான். உறையிலிருந்து காகிதங்களை எடுத்தான். கட்டு மெலிசாக இருந்தது. நான் நழுவப் பார்த்தேன். "நீயும் இரு வித்யா. இத்தனை நாள் தூது போனவ, முடிவையும் பார்த்துட்டுப் போ" என்றாள் வாசிதி. பிறகு தன் கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, மேசை நடுவில் வைத்தாள்.

"யாருக்கு?" என்றான்.

"உன் மாமாவுக்கு. அவரும் கேக்கணும்னார். கண்ணுதான் போயிடுச்சாம், காது போறதுக்குள்ள கேட்டுடணுமாம்."

அமினியாசி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண்பிள்ளை ஹலோ சொல்லி, கோழி கத்தி, ஏதோ தட்டுமுட்டுச் சாமான் உருண்டு, கடைசியில் கிழவரின் குரல் வந்தது.

"வந்துட்டேன். படிப்பா. சத்தமாப் படி."

அவன் முதல் தாளை எடுத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். அவ்வளவு நல்ல குரல், அன்றைக்குப் பிசிறடித்தது. "வாய்மொழி மரபென்பது கடந்த காலத்தின் எளிய பதிவன்று, அது நினைவுக்கும் அதிகாரத்துக்கும் இடையே இடையறாது நிகழும் ஊடாட்டத்தின் களமாக..."

இப்படியே ஒரு பக்கம் போயிற்று. இரண்டாவது பக்கமும் அதே சங்கதிதான். கைபேசியில் கோழி கத்துவது மட்டும் கேட்டது. இவன் தாளைத் திருப்பியபோது கிழவர் தயக்கத்தோடு கேட்டார்.

"இதெல்லாம் நானா சொன்னேன்?"

வாசிதி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இல்ல மாமா, இது முன்னுரை."

"சரி சரி. பெரிய படிப்பு, அப்படித்தான் இருக்கும். மேல படி."

படித்தான். கொப்பரையின் உலகச் சந்தை நிலவரம் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கப்பல்கள் வந்தன. பாய்மரத் துணியின் வரலாறு வந்தது. ஒவ்வொன்றுக்கும் கிழவர் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார். மேசைமேல் இன்னும் ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தது. பாவி, அதிலாவது ஏதாவது எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

"இந்தாப்பா" என்றார் கிழவர். "அவசரப்படுத்தறேன்னு நெனைக்காதே. பக்கத்துல பிள்ளைங்க எல்லாம் வந்து உக்காந்திருக்கு, நான்தான் வரச் சொன்னேன். அண்ணன் பேரு எப்ப வரும்?"

வாசிதி திரும்பினாள். சிரிப்பு இல்லை. கேலி பேச வேண்டிய இடத்தில் முறைக்காரி வாயை மூடிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

அமினியாசி கடைசித் தாளைப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன், அதிலும் கப்பல்தான், பெனியாசி இல்லை. அந்தப் பெரிய கையால் கைபேசியை முழுசாகப் பொத்தினான். "இருக்கேன், இருக்கேன், மெதுவாப் படி" என்று விரலிடுக்கு வழியாகக் கிழவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் தாளை வெற்றுப் பக்கத்துக்குத் திருப்பிப் போட்டான். பிறகு, தலை நிமிராமலே, அந்தக் கையை வாசிதியின் பச்சைப் பேனாவுக்காக நீட்டினான்.